பழமை போதாத மனைவி

உலகத்துக்கே ஹாலோவீனைக் கொடுத்தவர்கள் அயர்லாந்துக்காரர்களான நாங்கள். கொடுத்துவிட்டு மறந்தும் போனோம். அமெரிக்காக்காரன் பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைத்து, பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை வாசலில் தொங்கவிட்டு, அதில் கொள்ளை கொள்ளையாகச் சம்பாதித்த பிறகுதான் டப்ளினில் யாருக்கோ சுருக்கென்றது. அடப்பாவி, இது நம்ம சரக்காச்சே! உடனே ஓர் ஆணையம் போட்டார்கள். பெயர், தொல்விழா மூலங்கள் ஆணையம். மூன்று மாடிக் கட்டடம், தலைவர், துணைத்தலைவர், வாசலில் சுழல் கோலம் செதுக்கிய பெரிய கல். வேலை என்னவென்றால், ஹாலோவீனின் ஆதி மூலம் அயர்லாந்துதான் என்று உலகத்துக்கு நிரூபிப்பது.

ஒரே ஒரு சிக்கல். அந்த ஆதி வழக்கத்தைச் செய்துகொண்டிருக்கும் ஆள் ஒருவரும் அகப்படவில்லை. எல்லார் வீட்டிலும் பிளாஸ்டிக் எலும்புக்கூடு. ஆறு வருஷம் ஆணையம் வேரைத் தேடியது. வேர் கிடைக்கவில்லை. மலாக்கி டோலன் கிடைத்தார்.

மலாக்கி எங்கள் ஊர் கார்ரிக்பானில் பத்துப் பன்னிரண்டு மாடு வைத்திருப்பவர். அறுபதைத் தாண்டிவிட்டார். அதிகம் பேசமாட்டார். பேச்செல்லாம் மனைவி பிரீடாவோடதுதான். அவர் பங்குக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அந்த பிரீடா பிப்ரவரியில் பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனாள். இடுப்பளவு பனி கொட்டிய வாரம் அது. பிண வண்டி எங்கள் மேட்டுப் பாதையில் ஏற முடியாமல் சறுக்கியது. எங்கள் பக்கத்தில் செத்தவர்களை ஓர் இரவாவது சொந்த வீட்டில் கிடத்தாமல் புதைப்பதில்லை. பிரீடாவுக்கு அந்த ஓர் இரவு வாய்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தேவாலயம், தேவாலயத்திலிருந்து நேரே கல்லறை. "சீக்கிரம் வந்துடுவேன், கோழிக்குத் தீனி போடு" என்று சொல்லிவிட்டு வாசற்படி இறங்கியவள் திரும்ப அந்தப் படி ஏறவே இல்லை.

இது மலாக்கியை அரித்தது. செத்ததைக்கூட அவர் எப்படியோ விழுங்கிக்கொண்டார். வீடு வந்து சேராததை விழுங்க முடியவில்லை.

ஆனால் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஹாலோவீன் அன்று, அதாவது அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி இரவு, செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். இதில் பயப்பட ஒன்றுமில்லை, சொந்த வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்து யார் பயப்படுவது? கதவைத் தாழிடக் கூடாது. அடுப்பில் நெருப்பு இருக்கவேண்டும், பக்கத்தில் அவர்களுடைய நாற்காலி. அடுப்பின் முன்னால் சாம்பலைப் பரப்பி மட்டமாகத் தடவிவிட வேண்டும். பிறகு உயிரோடிருப்பவர்கள் நகர்ந்துவிட வேண்டும், வருகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் பாருங்கள். காலையில் எழுந்து சாம்பலைப் பார்த்தால் காலடித் தடம் இருக்கும். இருந்தால் வந்துபோனார்கள் என்று அர்த்தம். உள்ளே பார்த்த தடம் என்றால் மனசு நிறைந்து வந்திருக்கிறார்கள். வெளியே பார்த்த தடம் என்றால் நல்லதில்லை என்பார்கள். அவ்வளவுதான் விஷயம். மலாக்கிக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு தடம்.

வந்த வினை என்னவென்றால், கோடையில் அவர் வீட்டு முனையில் சாலையை அகலமாக்கி, பட்டப்பகல் மாதிரி எரியும் விளக்குக் கம்பங்களை நட்டுவிட்டார்கள். பிரீடாவுக்கு வெளிச்சத்தில் கண் கூசும் என்று மலாக்கிக்குக் கவலை. நேரே மாவட்ட அலுவலகத்துக்குப் போனார்.

"ஹாலோவீன் அன்னைக்கு மட்டும் அந்த விளக்கை அணைச்சு வைக்க முடியுங்களா?"

"எதுக்கு?" என்றாள் மேசையிலிருந்த பெண்.

"வீட்டுக்கு ஆள் வர்றாங்க."

"ஆள் வந்தா வெளிச்சம் வேணுமே ஐயா."

"இவங்களுக்கு வேணாங்க. செத்துப்போனவங்க."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "யாரு?"

"என் வீட்டுக்காரிங்க."

வேறு யாராவதாக இருந்தால் மழைக்கு என்றோ மாட்டுக்கு என்றோ ஒரு பொய்யைச் சொல்லியிருப்பான். மலாக்கிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கேட்டார்கள், சொன்னார். அவள் விளக்கை அணைக்க ஏற்பாடு செய்யவில்லை. டப்ளினுக்குப் போன் செய்தாள்.

செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் மூன்று கார்கள் மேட்டுப் பாதையில் ஏறின. முதல் காரிலிருந்து இறங்கியவர் ஆணையத்தின் தலைவர் டாக்டர் கான்லெத். கம்பளிக் கோட்டு, மார்பில் தட்டு அளவுக்கு ஒரு வெண்கலச் சுழல். கூடவே துணைத்தலைவி கிரானியா, நாள்காட்டிப் பேராசிரியர் லோர்க்கன். வாசலிலேயே நின்று மூவரும் காலணிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டார்கள்.

"சேறா இருக்கட்டும், பரவாயில்லைங்க, உள்ள வாங்க" என்றார் மலாக்கி.

"எங்க தடம் இங்க விழக்கூடாதுங்க ஐயா" என்றாள் கிரானியா பயபக்தியோடு. "இது சான்று இடம்."

கான்லெத் நேரே அடுப்புக்குப் போய் முழந்தாளிட்டார். கண்ணை மூடி மோந்து பார்த்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இரண்டாயிரத்தைந்நூறு வருஷம்!"

"இல்லீங்க, எழுபத்தெட்டுல எங்கப்பா கட்டினது."

"கல்லு உங்கப்பா வெச்சது. நெருப்பு யார் வெச்சது?"

"நான்தாங்க, காலையில."

கான்லெத் மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? தொடர்ச்சி! தொடர்ச்சி!" என்றார். பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

மலாக்கிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள், ஒரு விளக்கை அணைக்க மாட்டார்களா என்று நினைத்தார். கேட்டும் பார்த்தார். "விளக்கைப் பத்திக் கவலையே படாதீங்க" என்றார் கான்லெத். மறுவாரமே வீட்டைச் சுற்றி நான்கு பெரிய விளக்குகள் வந்து இறங்கின, வழக்கத்தைப் படம் பிடிப்பதற்காக.

அதன்பிறகு ஆணையம் வீட்டைச் சுத்தப்படுத்த ஆரம்பித்தது. சுவரிலிருந்த இயேசுவின் படம் பிற்காலத்தது என்று இறங்கியது. அதன் கீழே எரிந்த சின்னச் சிவப்பு விளக்கு போனது. குளிர்பெட்டி போனது. ஜன்னல் திரை தொழிற்சாலைத் துணி என்று போனது. ஆதி மனிதர்கள் மாடி வைத்துக் கட்டவில்லை என்பதால் மாடிப்படிக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். மலாக்கி நான்கு நாள் கயிற்றுக்கு அடியில் குனிந்துதான் படுக்கப் போனார். நெருப்பு ஆதி வழக்கப்படி இரவெல்லாம் எரியவேண்டும் என்று ஒரு பிரிவு உத்தரவு போட்டது. புகை பட்டால் அலறும் கருவியைப் பொருத்தாமல் நெருப்பு மூட்டக் கூடாது என்று இன்னொரு பிரிவு உத்தரவு போட்டது. இரண்டு உத்தரவையும் நிறைவேற்றினார்கள். கருவி அலறியது. மாடுகள் வேலியை உடைத்துக்கொண்டு ஓடின.

"ரெண்டு பிரிவும் சரியாத்தான் வேலை செய்யுது" என்றாள் கிரானியா காதைப் பொத்திக்கொண்டு.

சாப்பாட்டு விஷயத்துக்கு வந்தார்கள். பிரீடாவுக்கு என்ன வைப்பதாக உத்தேசம் என்று கேட்டார்கள். உருளைக்கிழங்கை மசித்து, கோசுக்கீரை போட்டு, நடுவில் குழி செய்து வெண்ணெய் விடுவது என்றார் மலாக்கி. எங்கள் எல்லார் வீட்டிலும் அன்றைக்கு அதுதான்.

பேராசிரியர் லோர்க்கன் முகத்தைச் சுளித்தார். "உருளைக்கிழங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. நானூறு வருஷச் சரக்கு. நேத்துப் பெய்த மழைக்கு இன்னைக்கு முளைச்ச காளான்."

"அவளுக்கு அதுதாங்க பிடிக்கும்."

"பிடிக்கிறது முக்கியமில்லைங்க, பிந்தியதா முந்தியதாங்கிறதுதான் முக்கியம். வாற்கோதுமைக் கஞ்சி வெச்சிடலாம். உப்பில்லாம."

"உப்பில்லாத கஞ்சிக்கா அவ கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வருவா?" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். ஆட்டிரக்டா, பிரீடாவின் அக்கா. பக்கத்து வயல் அவளுடையது. நாக்கில் அவளை ஜெயிக்க எங்கள் ஊரில் ஆள் இல்லை. "எந்திரிச்சு வந்தா கஞ்சிச் சட்டியை உன் தலையிலதான் கவுப்பா."

"அம்மா நீங்க யாரு?"

"நான் செத்தவளோட அக்கா. நீ யாரு?"

இந்த இடத்தில்தான் கான்லெத் தொண்டையைச் செருமிக்கொண்டு அதைச் சொன்னார். மிகவும் வருத்தத்தோடு, இழவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

"அது சம்பந்தமா ஒரு சின்ன விஷயம் மலாக்கி ஐயா. உங்க மனைவி எப்போ தவறினாங்க?"

"பிப்ரவரியிலங்க."

"போன பிப்ரவரி?"

"ஆமாங்க."

"எட்டு மாசம்கூட ஆகலை." கான்லெத் தலையை ஆட்டினார். "எங்க ஆணையம் தொல் மூலத்துக்கானது. எட்டு மாசத்துப் பிணத்தை வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க உலகத்து முன்னாடி போய் நிக்கிறது? பழமை போதாது."

மலாக்கிக்குப் புரியவில்லை. "எதுக்குப் போதாதுங்க?"

"வர்றதுக்கு."

ஆட்டிரக்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அவளைக் கட்டிக் கொடுக்கும்போதும் வயசு போதாதுன்னு எங்கப்பா குதிச்சாரு. செத்தப்புறமுமாய்யா வயசு பார்ப்பீங்க?"

"அடுத்த நூற்றாண்டுகள்ல அவங்களுக்குத் தகுதி வந்துடும்மா" என்றாள் கிரானியா ஆறுதலாக.

நாற்காலி காலியாக இருக்கக் கூடாது அல்லவா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். சதுப்பு நிலத்தில் மண்ணுக்கடியில் கருத்துச் சுருங்கிக் கிடைத்த ஓர் ஆதி மனிதனுடைய மெழுகுப் பிரதி, பழமை அத்தாட்சியோடு. அதைப் பிரீடாவின் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அன்று வரவேண்டிய ஆள் அவன்தான்.

மலாக்கி அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு டப்ளினுக்கு பஸ் ஏறினார். ஆணையத்தின் மூன்றாம் மாடியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கான்லெத்தின் முன்னால் நின்றார்.

"எனக்கு இது வேணாங்க. நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன். விளக்கு எரிஞ்சா எரியட்டும். நீங்க யாரும் வராதீங்க. அந்த ஒரு ராத்திரி மட்டும் வீட்டை எனக்கு விட்டுடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

கான்லெத் எழுந்து வந்து அவர் தோளில் கையைப் போட்டார். ஜன்னலுக்கு அழைத்துப்போய் நகரத்தைக் காட்டினார்.

"மலாக்கி ஐயா, இந்த வழக்கம் உங்களோடதுன்னு நினைக்கிறீங்க. அங்கேதான் தப்பு. உங்களோடதா இருக்கிற வரைக்கும் இது வெறும் பழக்கம். பல்லு விளக்குற மாதிரி. எங்க கைக்கு வந்தப்புறம்தான் இது மரபு. நாங்க இல்லேன்னா இதைச் செய்யறவங்க செஞ்சுட்டுப் போயிடுவாங்க, ஒருத்தருக்கும் தெரியாது! என்ன அநியாயம்! ஆறு வருஷமா இந்தக் கட்டடத்துல தொண்ணூறு பேர் சம்பளம் வாங்குறோம். ஒரு ஆவி வரலை. வெக்கமா இருக்கு ஐயா. மந்திரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் 'ஆவி எங்கே?'ங்கிறாரு. என் நிலைமையையும் யோசிச்சுப் பாருங்க. உங்க துக்கம் ஒரு வருஷத்துல ஆறிடும். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு."

"எல்லாரும் உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தா அவங்க வரமாட்டாங்க. ஒதுங்கிக்கணும். அதுதாங்க வழக்கமே."

"ஒதுங்கிக்கிறதையும் பதிவு பண்ணணும். அதுக்கு ஒரு குழு உங்க பக்கத்துல ஒதுங்கும்."

அப்போதுதான் பேராசிரியர் லோர்க்கன் உள்ளே வந்து ஒரு செய்தி சொன்னார். ஆதி மனிதர்களுக்கு அக்டோபர் மாதமே கிடையாது. சூரியக் கணக்குப்படி பார்த்தால் உண்மையான இரவு நவம்பரில் ஒரு வாரம் கழித்துத்தான் வருகிறது. ஆகவே ஆணையத்தின் விழா நவம்பர் ஏழு.

மலாக்கியின் முகம் மலர்ந்துவிட்டது. டப்ளினுக்கு வந்ததிலிருந்து முதல் தடவை. "அப்போ முப்பத்தொண்ணாம் தேதி நீங்க வரமாட்டீங்களா? நான் மட்டும்தானா?"

"நீங்களும் இல்லை" என்றார் பேராசிரியர். "ஒரு வாரம் முன்னாடியே வீட்டைப் பூட்டி நவீன வாசனையெல்லாம் போக்கணும். உங்களுக்கு டவுன்ல ஹோட்டல்ல ரூம் போட்டாச்சு."

"பூட்டா?" என்றார் மலாக்கி. "முப்பத்தொண்ணாம் தேதி பூட்டியா இருக்கும்? அவ வந்து நின்னா?"

"தேதி மாற்றத்தைப் பத்தி எல்லாத் தரப்புக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கோம்" என்றார் பேராசிரியர்.

மலாக்கி பஸ்ஸில் திரும்பும்போது அழுதார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவருக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள். ஏன் அழுகிறீர்கள் என்று அவள் கேட்டிருந்தால், "என் வீட்டுக்காரி ரெண்டாந்தடவையும் வாசல்லேயே நிக்கப்போறா" என்று சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

முப்பதாம் தேதி வீட்டைப் பூட்டி, கொண்டியில் ஈய முத்திரை வைத்தார்கள். காவலுக்கு ஜார்லத்தைப் போட்டார்கள். அவன் எங்கள் ஊர்க்காரன்தான், நான்கு குழந்தைகளுக்குத் தகப்பன், போன வருஷம்வரை செங்கல் சூளையில் வேலை. மலாக்கியைக் கொண்டுபோய் ஹோட்டலில் இறக்கினார்கள்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் ஹோட்டலில் கூத்து ஆரம்பித்தது. வரவேற்பறையில் ரப்பர் வௌவால்கள். சூனியக்காரிகள் கூட்டம் கூட்டமாக வந்து பீர் கேட்டார்கள். ஆணையத்தின் செலவில் வந்திருந்த எலும்புக்கூடு ஒன்று மலாக்கியின் முதுகில் தட்டி, "பெருசு, நீ என்ன வேஷம்?" என்றது.

"நான் வேஷம் போடலைப்பா."

"சூப்பர்! பொண்டாட்டி செத்த கிழவன். அச்சு அசலா இருக்கு!"

மலாக்கி கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சாலையோரத்தில் ஆட்டிரக்டாவின் பழைய கார் நின்றுகொண்டிருந்தது. அவர் அவளை வரச் சொல்லவில்லை, அவளும் வருவதாகச் சொல்லவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்தார். பின்சீட்டில் ஒரு கடப்பாரையும், மூடி போட்ட வாளியும், துணி போர்த்திய ஒரு தட்டும் இருந்தன.

"வாளியில என்ன?"

"சாம்பல். உன் அடுப்பைத்தான் அந்தப் புண்ணியவானுங்க நக்கி எடுத்த மாதிரி துடைச்சு வெச்சிருக்கானுங்களே. என் வீட்டு அடுப்புலேர்ந்து அள்ளினேன்."

"தட்டுல?"

"உருளைக்கிழங்கு. கஞ்சின்னு நினைச்சியா? வாயை மூடிக்கிட்டு உக்காரு."

ஜார்லத் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். நான்கு விளக்கும் வீட்டைச் சுட்டெரிப்பது மாதிரி எரிந்துகொண்டிருந்தன. கடப்பாரையோடு மலாக்கி இறங்குவதைப் பார்த்ததும் அவன் கையை நீட்டி மறித்தான்.

"அண்ணே, வேணாண்ணே. என் வேலை போயிடும்."

"பிரீடா வர்றாடா" என்றார் மலாக்கி. "வந்து பூட்டைப் பார்த்துட்டு நிப்பாடா. எங்கேடா போவா அவ?"

ஜார்லத் அவரைப் பார்த்தான். ஆட்டிரக்டாவின் கையிலிருந்த தட்டைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணே?" என்று முனகிக்கொண்டே போய் விளக்குகளை அணைத்துவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

கொண்டி இரண்டே நெம்பலில் பெயர்ந்தது. உள்ளே இருட்டில் பிரீடாவின் நாற்காலியில் மெழுகு மனிதன் உட்கார்ந்திருந்தான், கழுத்தில் அத்தாட்சி அட்டையோடு. மலாக்கி அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். "கோவிச்சுக்காதீங்க ஐயா, இது அவ இடம்" என்றார். தூக்கிப்போய்ச் சுவரோரப் பலகையில் படுக்கவைத்துத் தன் கோட்டைப் போர்த்திவிட்டார். அலறும் கருவியை ஆட்டிரக்டா துடைப்பக் கட்டையால் ஒரே போடு போட்டாள்.

சதுப்பில் வெட்டிக் காயவைத்த, விறகு மாதிரி எரியும் மண்கட்டிகளை அடுக்கி நெருப்பு மூட்டினார். அந்த வாசனை வந்ததும்தான் வீடு வீடானது. நாற்காலியை நெருப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். தட்டை வைத்தார், குழியில் வெண்ணெய் விட்டார். கடைசியில் வாளிச் சாம்பலைக் கொட்டி, முழந்தாளிட்டு, உள்ளங்கையால் தடவித் தடவி மட்டமாக்கினார். ஒரு சுருக்கம் இல்லாமல் மட்டமாக்கினார்.

எழுந்திருக்க மனசு வரவில்லை. "வாடி" என்றார் கதவைப் பார்த்து. "பனியில உன்னைக் கொண்டுவர முடியலை. நான் தோளிலேயாவது தூக்கிட்டு வந்திருக்கணும். வா, வந்து ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போ. நான் பக்கத்துல இருக்க மாட்டேன். உக்காந்தேன்னு மட்டும் காட்டிட்டுப் போ. எனக்கு அது போதும்."

ஆட்டிரக்டா அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று பின்னால் ஜார்லத் சொன்னான், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன் எப்படிப் பார்த்தானோ. கதவைச் சாத்தினார்கள், தாழிடவில்லை. அவள் அவரை ஹோட்டலில் கொண்டுபோய் விட்டாள். எலும்புக்கூடுகள் விடியவிடிய ஆடின. மலாக்கி கட்டில் ஓரத்தில் காலணியோடு உட்கார்ந்திருந்தார்.

வெளுத்ததும் வெளுக்காததுமாகக் கிளம்பி வந்தார். ஆனால் அவருக்கு முன்பே ஆணையத்தின் கார்கள் வந்து நின்றன. நள்ளிரவு கழிந்து முத்திரை சோதிக்க வந்த கிரானியா, பெயர்ந்த கொண்டியையும் எரிந்த அடுப்பையும் பார்த்து டப்ளினுக்குச் சொல்ல, கான்லெத் உடுப்பு மாற்றாமல் வந்திருந்தார். படுக்கையறைச் சட்டையின் மேல் வெண்கலச் சுழலைக் குத்தியிருந்தார்.

"மலாக்கி ஐயா!" ஓடிவந்து கட்டிக்கொண்டார். "வந்துட்டான்! ஆறு வருஷத்துல முதல் தடவை! நெருப்பு மூட்டியிருக்கான், நாற்காலியிலேர்ந்து எழுந்து போய்ப் படுத்துக்கூட இருக்கான், குளிருக்குக் கோட்டெடுத்துப் போர்த்திக்கிட்டு! மந்திரிக்குச் சொல்லியாச்சு!"

"அது என் கோட்டுங்க. நான்தான் கொண்டியை உடைச்சேன். நான்தான் நெருப்பு மூட்டினேன்."

"நீங்க ஹோட்டல்ல இருந்தீங்க. பில் எங்ககிட்ட இருக்கு." கான்லெத் காவலாளியைக் கூப்பிட்டார். "ஜார்லத், ராத்திரி யாராவது வந்தாங்களா?"

ஜார்லத் மலாக்கியைப் பார்த்தான். அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இரவே முடிவு செய்து வைத்திருந்த அப்பாவி. "உயிரோட ஒருத்தரும் வரலீங்க" என்றான், நிமிர்ந்து நின்று.

"எழுதிக்கோங்க!" என்று கத்தினார் கான்லெத். "உயிரோட ஒருத்தரும் வரலை!" பிறகு மலாக்கியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இந்த வீடு இனிமே தேசத்தோடது ஐயா. இங்க இனி ஒரு தூசிகூட அசையாது. டவுன்ல உங்களுக்கு நிரந்தரமா ரூம். ஒரே வருத்தம், அவன் தேதியைத் தப்பா நினைச்சுக்கிட்டு வந்துட்டான். அதைப் பேராசிரியர் சரிபண்ணிடுவாரு."

மலாக்கி இதில் பாதியைக்கூடக் கேட்கவில்லை. கான்லெத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே யாரோ பிளாஸ்டிக் உறையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

அடுப்பின் முன்னால் கல் பளபளவென்று இருந்தது. ஒரு துளி சாம்பல் இல்லை. சின்னத் தூரிகையால் இடுக்கெல்லாம் பெருக்கி எடுத்திருந்தார்கள். சுவரோரமாக ஏழெட்டுப் பைகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் வாயிலும் முத்திரை.

"சாம்பல் எங்கே?"

"பையில இருக்குங்க" என்றாள் கிரானியா. "வயசு கண்டுபிடிக்க ஆய்வகத்துக்குப் போகுது."

"அள்ளினது யாரு?"

"நான்தான்."

"அள்ளுறதுக்கு முன்னாடி பார்த்தியாம்மா?" மலாக்கி அவள் முன்னால் மண்டியிடாத குறை. "சாம்பல்ல ஏதாவது இருந்துச்சா? தடம் மாதிரி? கால் மாதிரி? சின்னக் கால்தாம்மா அவளுக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லு தாயி."

கிரானியா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். கெட்ட பெண் இல்லை அவள். உதவவேண்டும் என்றுதான் யோசித்தாள்.

"ஏதோ இருந்த மாதிரி இருந்துச்சுங்க. ஒரு பக்கமா அழுந்தி, பள்ளம் மாதிரி. பைக்கு அள்ள வசதியா இருக்கட்டும்னு நான் முதல்ல பலகையால தட்டிச் சமமாக்கிட்டேன்."

"எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சு? உள்ள பார்த்தா, வெளிய பார்த்தா?"

"அதை நாங்க பார்க்கிறதில்லீங்க ஐயா" என்றாள் கிரானியா. "எடை மட்டும்தான் போடுவோம்."

மலாக்கி போய் முதல் பையின் முன்னால் உட்கார்ந்தார். முத்திரையைத் தொட்டால் குற்றம் என்று அவளே மெதுவாகச் சொன்னாள். அவர் தொடவில்லை. பிளாஸ்டிக் வழியாக உள்ளே பார்த்தார். பிறகு அடுத்த பைக்கு நகர்ந்தார். வெளியே வண்டி வந்துவிட்டது, பைகளை ஏற்ற ஆள் வேண்டும் என்று கான்லெத் குரல் கொடுத்தார். ஜார்லத் வரவில்லை. கடைசியில் மலாக்கியே எழுந்து, எல்லாப் பையையும் ஒவ்வொன்றாக, நெஞ்சோடு அணைத்து, அசையாமல் குலுங்காமல் தூக்கிப்போய், வாசற்படி இறங்கி, வண்டியில் வைத்தார்.